நீல இலைகள் அச்சுப் பிழையல்ல

ஒரு பூ ஓவியத்தின் அச்சுப் படத்தைப் பார்த்து நகல் தீட்டும்போது, இலைகள் நீலமாகத் தெரிவது அச்சுப் பிழையோ என்று தோன்றலாம். அச்சில் கோளாறு இல்லை. நீங்கள் நகலெடுக்கும், டச்சு ஓவியர் யான் வான் ஹைசமின் சுடுமண் சாடிப் பூக்கள் ஓவியத்தில் (1736-37, லண்டன் நேஷனல் கேலரி) சில இலைகள் அசலிலேயே இன்று நீலமாகத்தான் இருக்கின்றன.

அவர் தீட்டியபோது அவை பச்சை. நீல நிறமியோடு செடியிலிருந்து எடுத்த மஞ்சள் சாயத்தைக் கலந்தோ, நீலத்தின் மேல் அதை மெல்லிய பூச்சாக ஏற்றியோ பச்சை வரவழைப்பது அக்கால டச்சு ஓவியர்களின் வழக்கம். வெளிச்சம் பட்டுப் பட்டு அந்த மஞ்சள் வெளிறிவிட்டது. நீலம் மட்டும் தங்கிவிட்டது. பூக்கள் மலரும் பருவத்துக்காகக் காத்திருந்து, ஒரே படத்தில் இரண்டு ஆண்டுகளைக் குறித்த மனிதருக்கு இப்படி ஒரு கதி!

சந்தேகமிருந்தால் மஞ்சள் பூக்களையும் வெள்ளை இதழ்களையும் பாருங்கள். அவை இயல்பாக இருந்து இலை மட்டும் நீலமென்றால், காரணம் அச்சல்ல. மஞ்சள் பூக்களுக்குப் பயன்படும் கனிம மஞ்சள்கள், செடிச் சாயத்தைப் போல அவ்வளவு எளிதில் வெளிறுவதில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை: எல்லா நீலத்தையும் திருத்திவிடாதீர்கள். கார்னேஷன், கசகசாச் செடிகளின் இலைகள் இயற்கையிலேயே சாம்பல் நீலம். உங்கள் நகலில் மற்ற இலைகளின் மேல், நீலம் நன்றாக உலர்ந்த பிறகு, ஒளிக்கு வெளிறாத ஒளிபுகு மஞ்சளை மெல்லப் பூசுங்கள்.