கோடையில் குடும்பத்தோடும் நண்பர்களோடும் காட்டுக்குள் மவுண்டன் பைக் ஓட்டப் போகலாமா? வேரும் கல்லுமான பாதைகள் எல்லோருக்கும் சரிப்படுமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் எல்லோரும் ஒரே பாதையில் ஒன்றாகவே போக வேண்டும் என்று நினைத்துக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே யாராவது ஒருவர் உர்ரென்று உட்கார்ந்துவிடுவார். ஜூலையில் கோவையிலிருந்து இங்கிலாந்துக்கு வருகிற அண்ணன் குடும்பம் ஒரு பக்கம், வாராவாரம் ஓட்டுகிற ஆபீஸ் நண்பர்கள் இன்னொரு பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் கூட்டமும் ஏறக்குறைய அப்படித்தான். அதனால் நாங்கள் வழக்கமாகப் போகிற ஃபாரஸ்ட் ஆஃப் டீனை வைத்தே சொல்கிறேன்.

க்ளாஸ்டர்ஷயரில், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற பழைய காடு அது. ஓக், பீச், நடுநடுவே ஊசியிலை மரங்கள். கேனப் என்ற இடத்தில் சைக்கிள் மையம் இருக்கிறது. வாடகை சைக்கிள், சாப்பாட்டுக் கடை, சைக்கிள் கழுவுகிற இடம் எல்லாம் அங்கேயே. கூட்டமாகப் போகிறவர்களுக்கு இந்த இடம் ஏன் தோது என்றால், எல்லாப் பாதைகளையும் அங்கிருந்தே தொடங்கலாம். தண்டவாளம் எடுக்கப்பட்ட பழைய ரயில் பாதையில் போகிற குடும்பப் பாதை பெரிய ஏற்ற இறக்கம் இல்லாதது. வெர்டரர்ஸ் என்ற நீலப் பாதை 11 கிலோமீட்டர் அளவு. அதைவிடக் கடினமானது ஃப்ரீமைனர்ஸ் என்ற சிவப்புப் பாதை. அதையும் தாண்டி, செங்குத்தாக இறங்குகிற பாதைகள் தனி. (ஃப்ரீமைனர் என்றால் யார் என்று பிள்ளைகள் கேட்பார்கள்: அந்தப் பகுதியிலேயே பிறந்து, 21 வயது தாண்டி, ஒரு வருடமும் ஒரு நாளும் அங்கே சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். சொந்தமாக நிலக்கரி வெட்ட அவர்களுக்கு இன்றும் உரிமை உண்டு.)

இங்கிலாந்தில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று பாதைகளுக்கு நிறம் வைத்திருக்கிறார்கள். பச்சைதான் எளிது, கறுப்பு கடைசி. நம்மவர்கள் செய்கிற வேலை என்னவென்றால், கூட்டத்தில் யார் நன்றாக ஓட்டுகிறாரோ அவரைப் பார்த்து நிறத்தைத் தேர்ந்தெடுப்பது. அதைச் செய்யாதீர்கள். கூட வருகிறவர்களில் யாருக்குப் பயம் அதிகமோ அவருக்கு ஏற்ற பாதையில் எல்லோரும் சேர்ந்து ஒரு சுற்று போங்கள். அப்புறம் பிரிந்துவிடுங்கள். ஓடத் துடிக்கிறவர்கள் சிவப்புக்குப் போகட்டும், மற்றவர்கள் நீலத்திலேயே பிடித்த இறக்கத்தை மறுபடி ஓட்டட்டும், என் அண்ணியைப் போல ஒரு சுற்றோடு போதும் என்று காபி குடிக்க உட்காருகிறவரை யாரும் வற்புறுத்த வேண்டாம். எங்கே, எத்தனை மணிக்குச் சேர வேண்டும் என்பதை மட்டும் பிரிவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள், ஏனென்றால் காட்டுக்குள் பல இடங்களில் போனில் சிக்னல் இருக்காது.

இனி வேர் விஷயம். புதிதாக வருகிறவர்கள் பயப்படுவது இதற்குத்தான், அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. பாதைக்குக் குறுக்கே, கை மொத்தத்துக்கு, தோல் உரிந்து பளபளவென்று கிடக்கும். நேர் குறுக்காகக் கிடக்கிற வேர் பெரிய தொல்லை இல்லை, சாய்வாக ஓடுகிற வேர்தான் முன் சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுத்துத் தள்ளும். அண்ணன் மகளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான்: சீட்டை இறக்கிவிட்டு எழுந்து நில், பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும், முழங்காலும் முழங்கையும் தளர்வாக மடங்கட்டும், பிரேக்கை வேருக்கு முன்னாலேயே பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு வேர் மேல் ஏறும்போது விட்டுவிடு. பிரேக் பிடித்த சக்கரம் வேரில் பட்டால் உருளாது, வழுக்கும். அவள் முதலில் “சித்தப்பா, வேர் வருது, வேர் வருது” என்று கத்திக்கொண்டே இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்து நின்றுவிட்டாள். “வேரைப் பாக்காதடா, அதுக்கு அந்தப் பக்கம் பாரு” என்றேன். கண் எங்கே போகிறதோ அங்கேதான் சைக்கிளும் போகும். கொஞ்ச நேரத்தில் அவள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

பிரேக் பற்றி இன்னொன்று. இங்கே வலது கைப் பிரேக் முன் சக்கரத்துக்கு. நம் ஊரிலும் அப்படித்தான், அதனால் உங்கள் அண்ணனுக்குக் குழப்பம் இருக்காது. ஜெர்மனியிலிருந்தோ கனடாவிலிருந்தோ உறவுக்காரர் யாராவது வந்து சேர்ந்துகொண்டால் அவர்களுக்கு இது தலைகீழ், மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

சைக்கிளுக்கு நிறையச் செலவழிக்க வேண்டியதில்லை. முன்னால் மட்டும் சஸ்பென்ஷனும் டிஸ்க் பிரேக்கும் இருக்கிற வாடகை சைக்கிள் நீலப் பாதைக்குத் தாராளம். பலர் கவனிக்காதது காற்று. டயர் கல் மாதிரி இருந்தால் ஒவ்வொரு வேரிலும் துள்ளும். 70 கிலோ ஆளுக்கு, அகலமான டியூப்லெஸ் டயரில் 20 முதல் 25 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) போதும். டியூப் இருந்தால் பஞ்சராகாமல் இருக்கச் சிலது கூட்டி வையுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் குறையுங்கள். ஹெல்மெட்டும் முழுவிரல் கையுறையும் அவசியம். முழங்கால் காப்பு பிள்ளைகளுக்குக் கட்டாயம் என்று நான் நினைக்கிறேன், சில நண்பர்கள் இதற்கு என்னைக் கிண்டல் செய்வதுண்டு.

கோடை என்பதால் பாதை எப்போதும் காய்ந்திருக்கும் என்று நம்பாதீர்கள். மழை விட்டு இரண்டு நாள் ஆனாலும் அடர்ந்த மரத்தடியில் வேர் ஈரமாகவே இருக்கும். வெயிலிலிருந்து திடீரென்று நிழலுக்குள் நுழையும்போது கண்ணுக்கு எதுவும் தெரியாத அந்த ஒரு நொடிதான் மோசம், கறுப்புக் கண்ணாடி வேண்டாம். மழையே இல்லாத வாரங்களில் நேர்மாறாக, கெட்டித் தரை மேல் மெல்லிய தூசி படிந்து வளைவுகளில் வழுக்கும். பாதையோரப் புல் உழுதுபோட்ட மாதிரி கிளறிக் கிடந்தால் காட்டுப்பன்றி வேலை. பகலில் அவை அநேகமாகக் கண்ணில் படாது, பட்டால் விலகிப் போய்விடுங்கள், குட்டியோடு இருந்தால் கிட்டவே போகாதீர்கள்.

மையத்தை விட்டு வெளியே குதிரைப் பாதைகளிலும் ஓட்டலாம். 1968-ஆம் ஆண்டின் கிராமப்புறச் சட்டம் சைக்கிளுக்கு அந்த உரிமையைக் கொடுத்தது, ஆனால் நடப்பவர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் நாம்தான் வழிவிட வேண்டும். நடப்பதற்கு மட்டுமேயான பாதைகளில் அந்த உரிமை கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் கால், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் எல்லாம் வேண்டாம், அதற்கென்று விற்கிற சின்னக் கொக்கியால் தலை அறுந்துவிடாமல் எடுத்துவிடுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றித் தடிப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள், உண்ணி பரப்புகிற லைம் நோயாக இருக்கலாம்.

பள்ளி விடுமுறையில் சனி, ஞாயிறு வாடகை சைக்கிள் சீக்கிரம் தீர்ந்துவிடும். எல்லோருடைய உயரத்தையும் கேட்டு வாங்கி முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.