‘தெரியவில்லை’ என்று எழுதிய நோட்டு

அன்புள்ள ஐயா,

வடமகுடம் என்னும் விண்மீன் கூட்டத்தில் உள்ள டி கொரோனே போரியாலிஸ் விண்மீன் எந்த இரவிலும் வெடித்துப் பொலியலாம் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, சென்ற சித்திரையிலிருந்து எங்கள் களத்துமேட்டில் நின்று 10×50 பைனாகுலரில் பார்த்து வருகிறேன். 2024 செப்டம்பருக்குள் என்றார்கள். பிறகு 2025 மார்ச் என்றார்கள். இரண்டும் கடந்துவிட்டன. என் நோட்டில் பெரும்பாலான தேதிகளுக்கு எதிரே ‘தெரியவில்லை’ என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. வெடித்தால் உலகமே பார்த்துவிடப் போகிறது. அதுவரை நான் இப்படி எழுதி வைப்பதால் யாருக்கு என்ன பயன்?

வ., மன்னார்குடி அருகிலிருந்து

அன்புள்ள வ.,

1866 மே 12 இரவில் அயர்லாந்தின் டூவம் ஊரில் ஜான் பர்மிங்ஹாம் இதே விண்மீனை இரண்டாம் பொலிவெண் அளவுக்கு, அதாவது வெறுங்கண்ணுக்கே நன்றாகத் தெரியும்படி, ஒளிரக் கண்டார். அதே இரவில், அதற்குச் சில மணி நேரம் முன்பு, ஏதென்ஸில் யூலியஸ் ஷ்மிட் வானத்தின் அதே பகுதியைப் பார்த்திருந்தார்; அப்போது அங்கே அப்படிப்பட்ட பொலிவான மீன் எதுவும் இல்லை என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. இந்த விண்மீன் நாட்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் ஏறி உச்சம் தொடுகிறது என்பது அந்த ‘இல்லை’யால்தான் தெரிய வந்தது. கண்டவரின் குறிப்பு மட்டும் இருந்திருந்தால், ஏற்றம் எப்போது தொடங்கியது என்று சொல்ல வழியே இருந்திருக்காது.

ஆனால் உங்கள் ‘தெரியவில்லை’ இப்போது பாதிக் குறிப்பாகத்தான் இருக்கிறது. பனி மூடியிருந்ததால் தெரியவில்லையா, நிலவொளியால் தெரியவில்லையா, அல்லது மீன் உண்மையிலேயே மங்கியிருந்ததா என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. அன்றைக்கு அதே இடத்தில் உங்கள் கண்ணுக்குத் தெரிந்தவற்றுள் மிக மங்கலான ஒப்பீட்டு மீன் (பொலிவெண் முன்பே அளந்து வரைபடத்தில் குறிக்கப்பட்ட மீன்) எது என்று பார்த்து, ‘9.3 மீன் தெரிந்தது, இது அதைவிட மங்கல்’ என்று எழுதுங்கள். அமைதியாக இருக்கும் காலத்தில் இதன் பொலிவெண் ஏறக்குறைய 10. நல்ல இருட்டிலும் உங்கள் பைனாகுலரின் எல்லையே அதை ஒட்டித்தான் வரும். ஆகவே காணாதது உங்கள் பிழையன்று. வெடிக்கும்போது அது 2 வரை வரக்கூடும். எண் குறையக் குறையப் பொலிவு கூடும் இந்தக் கணக்கில் எட்டு எண் வேறுபாடு என்பது ஏறத்தாழ 1,600 மடங்கு. (இந்தக் கணக்கை 1856இல் வரையறுத்த நார்மன் போக்சன் 1861இல் சென்னை வான்காட்சியகத்துக்கு வந்து கடைசிவரை இங்கேயே இருந்தார் என்பதும், அங்கே பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்தார் என்பதும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட வேண்டியவை.)

ஒப்பீட்டு வரைபடத்தில் 93 என்று அச்சிட்டிருந்தால் 9.3 என்று கொள்ளுங்கள். புள்ளி வைத்தால் அதையும் ஒரு மீன் என்று கண் எண்ணிவிடும் என்பதால் விட்டுவிடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இது உண்மையில் ஒன்றையொன்று சுற்றும் இரண்டு மீன்கள்: ஊதிப் பெருத்த செம்பெருமீன் ஒன்று, சுருங்கிப்போன வெண்குள்ளன் ஒன்று. அமைதிக் காலத்தில் நமக்கு வரும் ஒளியில் பெரும்பங்கு செம்பெருமீனுடையது. அதன் வாயுவை இழுத்துத் தன்மேல் சேர்த்துக்கொள்ளும் வெண்குள்ளன்தான் ஒருநாள் வெடிக்கிறது. சிவப்பு மீனை நெடுநேரம் உற்று நோக்கினால் அது உள்ளதைவிடப் பொலிவாகத் தோன்றும் என்பதால், என்றைக்காவது உங்களுக்கு அது தென்பட்டால் சட்டென்று ஒருமுறை பார்த்து ஒப்பிட்டு விலகிவிடுங்கள். மற்றவர்கள் அன்று என்ன மதிப்பிட்டார்கள் என்பதை, உங்கள் எண்ணை எழுதி முடிக்கும் முன் பார்க்கவே கூடாது. இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

நேரம் குறிப்பதில் நமக்கு ஒரு வசதி உண்டு. வானியலில் நாட்களைத் தொடர் எண்ணாகக் குறிக்கும் ஜூலியன் நாள் நம் கடிகாரப்படி மாலை 5.30க்குத் தொடங்குவதால், ஓர் இரவு முழுவதும் ஒரே நாளெண்ணில் அடங்கிவிடுகிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடர்ச்சி அறுந்துபோகிறதே என்று நீங்கள் வருந்தலாம். அந்த மாதங்களில் வடமகுடம் அந்தியிலும் விடியலிலும் அடிவானத்தை ஒட்டித்தான் கிடக்கும். வானம் தெளிந்திருந்தாலும் நமக்குக் கிடைப்பது சொற்பமே. சித்திரையிலும் வைகாசியிலும், மேட்டூர் நீர் வருவதற்கு முந்தைய வறண்ட இரவுகளில், சுவாதிக்குக் கிழக்கே அது நம் உச்சிக்குச் சற்றே வடக்காக ஏறி நிற்கிறது. நாம் தவறவிடக் கூடாத காலம் அதுதான்.

வெடித்த பின் வெறுங்கண்ணுக்குச் சில நாட்களே தெரியும். எல்லோரும் விலகிப் போன பிறகும் நீங்கள் விடாதீர்கள்: 1866, 1946 இரண்டு வெடிப்புகளிலும் சில மாதங்கள் கழித்து இது இரண்டாம் முறை சிறிதளவு பொலிந்து அடங்கியது, அந்த அளவு உங்கள் பைனாகுலருக்கு எட்டும்.

பழைய பக்கங்களில் விடுபட்டதை நினைவிலிருந்து நிரப்ப வேண்டாம். அவை அப்படியே இருக்கட்டும். இன்றிரவுக்குரிய வரியில் நேரத்தையும் கண்டவற்றுள் மிக மங்கலான மீனின் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.