குளம்பு பார்க்கும் பையனுக்கு வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். எதற்கு?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் பயம் நான்கு பக்கம், மகனைப் பற்றிய செய்தி ஆறே வரி. எனக்கு வேண்டியது அந்த ஆறு வரியில்தான் இருக்கிறது.

ஆறாம் வகுப்பிலிருந்து ஞாயிறு தவறாமல் ஊருக்கு வெளியே உள்ள குதிரைப் பயிற்சிப் பள்ளிக்குப் போகிறான். ஏறி ஓட்டுவதில் பெரிய ஆசை இல்லை. குளம்பு இடுக்கில் அடைந்த மண்ணையும் லத்தியையும் கொக்கியால் சுரண்டிக்கொண்டு குனிந்தபடியே கிடக்கிறான். குதிரை நடந்து வருவதைப் பார்த்தே எந்தக் காலில் வலி என்று சொல்லிவிடுகிறான். இதையெல்லாம் ஒரு குறை போல எழுதியிருக்கிறீர்கள். முன்காலில் வலி உள்ள குதிரை, அந்தக் காலை ஊன்றும்போது தலையை மேலே தூக்கும். நல்ல காலை ஊன்றும்போது தலை தாழும். படித்துத் தெரிந்துகொள்வது எளிது. நடக்கும் குதிரையில் கண்ணால் பிடிப்பது எளிதல்ல. உங்கள் மகன் பிடிக்கிறான்.

சரி, அவனுடைய மாமா சொல்லும் யோசனைக்கு வருவோம். இரண்டு முறை நீட் எழுதி, தகுதி மட்டும் கிடைத்திருக்கிறது, இடம் கிடைக்கவில்லை. ஏஜென்ட் மூலம் வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ்., செலவு 30 லட்சம், வீட்டை வைத்துக் கடன். 30 லட்சத்தை 11 சதவீத வட்டியில் 10 வருடத்தில் அடைப்பதென்றால் மாதத் தவணை சுமார் 41,300 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியை இதில் சேர்க்கவே இல்லை. அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பு, அதன்பின் 12 மாதப் பயிற்சி. திரும்பி வந்து தகுதித் தேர்வு, தேறினால் இங்கே இன்னொரு 12 மாதப் பயிற்சி. 2024 ஜூனில் அந்தத் தேர்வில் தேறியவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான். இதை மாமாவிடம் ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார். மருத்துவத்தில் ஆர்வமே இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிய பையனை, உங்கள் கூரையை அடகு வைத்து இந்தத் தேர்வுக்கு அனுப்பக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

கால்நடை மருத்துவம், வன உயிரியல் எல்லாம் நீங்களே விசாரித்துவிட்டீர்கள். பிளஸ் டூ மதிப்பெண் அங்கே இடம் தராது என்பதும் தெரிந்துவிட்டது. அவற்றை விட்டுவிட்டு, யாரும் உங்களிடம் சொல்லாத ஒரு தொழிலைப் பற்றிப் பேசுகிறேன்: குளம்புப் பராமரிப்பும் லாடம் கட்டுதலும்.

"லாடம் கட்டவா பெற்றேன்?" என்று கேட்பீர்கள். பிரிட்டனில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெறாதவர் குதிரைக்கு லாடம் அடிப்பதே குற்றம். பதிவு பெற, தேர்ந்த ஒருவரிடம் பல ஆண்டுகள் தொழில் பயில வேண்டும். நம் ராணுவத்தில் குதிரை முதலிய விலங்குகளைப் பராமரிக்கும் படைப்பிரிவான ரிமவுண்ட் வெட்னரி கோரில் இதற்கென்றே ஒரு பணிப்பிரிவு இருக்கிறது. பயிற்சி மையம் மீரட்டில்.

வேலை எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் மகன் தினமும் செய்யப்போவது இதைத்தான் என்பதால் நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் குதிரையைச் சமதரையில் நிறுத்திப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். கணுவுக்குக் கீழே உள்ள சரிவும் குளம்பின் முன்சுவரும் ஒரே கோடாக இறங்க வேண்டும். நுனி நீண்டு குதிகால் தாழ்ந்திருந்தால் அந்தக் கோடு உடையும். காலின் பின்பக்கத் தசைநாண் ஒவ்வொரு அடியிலும் கூடுதலாக இழுபடும். வேலை செய்யும் குதிரைகளிடம் அடிக்கடி காணும் குறை இதுதான். குளம்பு மாதத்துக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் வளரும் என்பதால், நன்றாகக் கட்டிய லாடமும் ஆறு வாரத்தில் தவறான லாடம் ஆகிவிடும். இந்தத் தொழிலுக்கு வாடிக்கை ஓயாமல் இருப்பதும் அதனால்தான்.

காலைத் தூக்க, குதிரையின் வால்பக்கம் பார்த்து நின்று, தோளிலிருந்து கையை எடுக்காமலே கீழே வருடிக்கொண்டு போக வேண்டும். குதிரைக்கு நேர் பின்னால் நடப்பது தெரியாது. திடீரென்று தொட்டால் உதைக்கும். பழைய லாடத்தைக் கழற்ற, மடக்கிய ஆணி நுனிகளை முதலில் நிமிர்த்தி, குதிகால் பக்கமிருந்து உள்நோக்கி மாறி மாறி நெம்ப வேண்டும். வெளிப்பக்கமாக நெம்பினால் குளம்புச் சுவர் பிய்ந்துவிடும். பிறகு கத்தியால் செத்த அடிப்பகுதியைச் சீவுவது, வெட்டுக்குறட்டால் நுனியைக் குறைப்பது, அரத்தால் மட்டம் பார்ப்பது. அடிக்குளம்பின் நடுவே ரப்பர் போன்ற முக்கோணப் பகுதி இருக்கும். அது கறுத்து நாறினால் ஈரத் தரையில் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று பொருள். கத்தியைவிட முதலில் லாயத்தின் தரைக்குத்தான் வைத்தியம்.

அடுத்தது லாடம். குளம்பின் வடிவத்துக்கு இரும்பை வளைக்க வேண்டும். இரும்புக்குத் தகுந்தபடி குளம்பை அரம் போட்டுக் குறைப்பவர் கையில் குதிரையைக் கொடுக்கவே கூடாது. ஆணி அடிப்பதில்தான் உயிர் இருக்கிறது. குளம்புச் சுவரும் அடிப்பகுதியும் சேரும் இடத்தில் வெளிறிய ஒரு கோடு ஓடும். ஆணி அந்தக் கோட்டில், அல்லது அதற்கு வெளியே இறங்க வேண்டும். ஆணியின் நுனியில் ஒரு பக்கம் மட்டும் சரிவாகச் சீவியிருக்கும்; சரியாகப் பிடித்தால் உள்ளே போகப் போக வெளிப்பக்கமாக வளைந்து சுமார் 2 சென்டிமீட்டர் உயரத்தில் தலை நீட்டும். கெட்டியான சுவரில் இறங்கும்போது சுத்தியலின் சத்தம் கணீரென்று இருக்கும். சத்தம் மந்தமானால் ஆணி உயிருள்ள சதைப்பக்கம் போகிறது, உடனே உருவ வேண்டும். சதையைக் குத்தாவிட்டாலும் நெருக்கினாலே போதும், ஓரிரு நாளில் குதிரை நொண்டும். வெளியே வந்த கூர்நுனியை அடுத்த அடிக்கு முன் முறுக்கி எறிய வேண்டும். குதிரை காலை இழுத்தால் அந்த நுனி தொடையைக் கிழித்துவிடும். ஆணி குத்திய குதிரைக்கு ரணஜன்னி (டெட்டனஸ்) எளிதில் வரும். குதிரைக்கும் உங்கள் மகனுக்கும் தடுப்பூசி தவறவே கூடாது.

கை பழகியவருக்கு நான்கு காலுக்கும் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். 40 குதிரைகள் வாடிக்கையாக இருந்தால் வாரத்துக்கு ஆறேழு குதிரை. அது மட்டும் குடும்பம் நடத்தப் போதாது. பந்தயத்தை நம்பியும் இறங்க வேண்டாம்: ஊட்டி மைதானத்தை 2024 ஜூனில் அரசு எடுத்துக்கொண்டது, கிண்டியின் குத்தகையை அதே ஆண்டு செப்டம்பரில் ரத்து செய்தது. ஆகவே இன்னொரு காலும் வேண்டும். அது பால்மாடு.

உங்கள் பக்கத்துப் பண்ணைகளில் சிமெண்ட் தரையில் நிற்கும் கலப்பினப் பசுக்களைப் பாருங்கள். குளம்பு நீண்டு, நுனி வளைந்து, பின்னங்காலை அகட்டி நடப்பவை பல இருக்கும். நொண்டும் மாடு தீவனத்துக்கு நடக்காது; பால் குறையும், சினைப்பருவம் தவறும். வருடத்துக்கு இருமுறை, அதில் ஒன்று பால் வற்றிய காலத்தில், குளம்பு திருத்த வேண்டும். பின்னங்காலில் உள்பக்கக் குளம்பிலிருந்து தொடங்கி நுனி நீளம் 7.5 சென்டிமீட்டர் வைத்து, அதிகம் வளர்ந்திருக்கும் வெளிக்குளம்பை அதற்குச் சமமாக்குவது முறை. முன்னங்காலில் இது தலைகீழ். அடிப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தும்போது அமுங்கினால் அதற்கு மேல் ஒரு சீவலும் எடுக்கக் கூடாது. இதை முறையாகச் செய்பவருக்குப் பால் ஊற்றும் ஊரில் வேலை கிடைக்கும்.

காட்டு விலங்குகள் மீதும் உயிர் என்கிறீர்கள். கால் ஒடிந்த பருந்தையும் தாயற்ற குரங்குக்குட்டியையும் வீட்டுக்குக் கொண்டுவருவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றமாகலாம். அதைவிட முக்கியம், மனிதன் கையில் வளர்ந்த குட்டி காட்டுக்குத் திரும்ப முடியாமல் போகும். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு விலகி நிற்பதும் அன்புதான். ஆனால் அவன் கற்கப்போகும் கலைக்கு அங்கேயும் வேலை உண்டு. கல்தளத்தில் கட்டிக்கிடக்கும் யானைக்கு முன்காலில் ஐந்து, பின்காலில் பெரும்பாலும் நான்கு நகங்கள். அவை வெடித்துச் சீழ்பிடிப்பது வளர்ப்பு யானைகளின் பெரிய துன்பம். பூங்காக்களில் ஒட்டகச்சிவிங்கிக்கும் வரிக்குதிரைக்கும் குளம்பு தேயாமல் நீளும். அங்கெல்லாம் கால்நடை மருத்துவரின் பக்கத்தில் நிற்கும் கை தேவை. மயக்க மருந்தும் சிகிச்சையும் மருத்துவருடையவை, அந்த எல்லையை அவன் தாண்டக் கூடாது.

எங்கே தொடங்குவது? முதல் ஆறு மாதம் பயிற்சிப் பள்ளிக்கு லாடம் கட்ட வருபவரிடம் உதவியாளாக நிற்கட்டும். சம்பளம் கேட்க வேண்டாம். மாட்டுச் சந்தையில் லாடம் கட்டும் பெரியவர்களிடமும் ஆணியடி கற்கலாம். ஒரு வேறுபாடு மட்டும் தெரிய வேண்டும்: மாட்டுக்குப் பிளந்த குளம்பு, காலுக்கு இரண்டு தகடு, கயிறு போட்டுச் சாய்த்துக் கட்டுவார்கள். குதிரையை நிற்க வைத்தே கட்ட வேண்டும். கொல்லுப்பட்டறையில் மூன்று மாதம் இரும்பு வளைக்கப் பழகட்டும். ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தைக்குக் கூட்டிப் போங்கள். மார்வாரி, கத்தியவாரி என்று நூற்றுக்கணக்கான கால்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். கூடவே அஞ்சல் வழியில் ஒரு பட்டம், ஒரு விபத்துக் காப்பீடு. இடுப்புக்குத் தினமும் உடற்பயிற்சி, இந்தத் தொழிலில் முதலில் போவது முதுகுதான். தொடக்கக் கருவிகள் நான் மேலே சொன்ன ஒரு மாதத் தவணைக்குள் அடங்கும்.

ஆறு மாதத்தில் அவனே வேண்டாமென்றால், நீங்கள் இழந்தது ஆறு மாதம். வீடு உங்களிடமே இருக்கும்.

ஏஜென்ட் முன்பணத்துக்கு 20ஆம் தேதி கெடு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கட்டாதீர்கள். மதிப்பெண் சான்றிதழின் அசலை அவர் வாங்கி வைத்திருந்தால், நாளைக்கே மாமாவையும் கூட்டிக்கொண்டு போய்த் திரும்ப வாங்கிவிடுங்கள்.