அப்பா கேட்டது 371 வெள்ளி, கிடைத்தது 311: வங்கி பிடித்த பணத்தைத் திரும்ப வாங்கிய கதை

கேள்வி சுருக்கமாக: "ஓவர்டிராஃப்ட் கட்டணம், அபராதம் என்று வங்கிகள் பிடித்த பணத்தை பிரிட்டனில் மக்கள் கடிதம் போட்டே திரும்ப வாங்கினார்களாம். மலேசியாவில் அப்படி முடியுமா? என் நடப்புக் கணக்கில் ஏதேதோ பெயரில் பிடித்திருக்கிறார்கள்."

முடியும். என் அப்பாவுக்கு 311 வெள்ளி (ரிங்கிட்) 20 காசு திரும்பக் கிடைத்தது. ஆனால் அவர் கேட்டது 371 வெள்ளி 20 காசு. வராமல் போன அந்த 60 வெள்ளியில்தான் உங்கள் கேள்விக்கான பதில் பாதி இருக்கிறது. அதனால் கதையை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா பினாங்கு ஸ்திரீட் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம் அச்சடிக்கும் சின்னக் கடை வைத்திருந்தார். அவர் பெயரில் ஒரு நடப்புக் கணக்கு, அதோடு 20,000 வெள்ளிக்கு ஓவர்டிராஃப்ட், அதாவது கணக்கில் பணம் இல்லாவிட்டாலும் அந்த அளவு வரை எடுத்துக்கொள்ளும் கடன் வசதி. நாங்கள் 'ஓடி' என்போம். அதற்கு ஈடாக ஒரு நிரந்தர வைப்பு. காகிதக்காரருக்கு முதலிலேயே பணம் கொடுக்க வேண்டும், கல்யாண வீட்டாரோ பத்திரிகை கைக்கு வந்த பிறகுதான் பாக்கியைத் தருவார்கள். நடுவில் வருகிற இரண்டு மூன்று வாரத்துக்கு ஓடி. எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி. அந்த வசதியைப் புதுப்பிக்க வருஷத்துக்கு 100 வெள்ளி. எல்லாம் தெரிந்து கையெழுத்துப் போட்டதுதான், அதில் அவருக்குக் குறை இருந்ததில்லை. அதே தெருவில் செட்டியார்கள் கிட்டங்கியில் (வட்டிக்கடையில்) உட்கார்ந்து கடன் கொடுத்த காலத்தைத் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவர் அவர். வட்டி எவ்வளவு என்று முதல் நாளே தெரிந்துவிட்டால் அது நேர்மையான கடன், அவ்வளவுதான் அவர் கணக்கு.

2019 மார்ச்சில் முட்டி வலி தாங்காமல் கடையை மூடினார். ஓடியை முழுசாக அடைத்தார், வைப்பை விடுவித்தார், "இந்த வசதி இனி வேண்டாம், ரத்து செய்துவிடவும்" என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். கடிதத்தின் நகலில் தேதியோடு சாப்பு (முத்திரை) அடித்து வாங்கிக்கொண்டார். கணக்கில் 180 வெள்ளி மிச்சம். அதையும் எடுத்துக் கணக்கை மூடியிருக்கலாம். "கிடக்கட்டும்" என்று விட்டுவிட்டார்.

2022 ஜனவரியில் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது: உங்கள் கணக்கில் 191 வெள்ளி 20 காசு கடன் நிலுவை, 14 நாளுக்குள் கட்டவும்.

"நான் போட்டு வைத்த காசு எங்கே என்று கேட்க வேண்டியவன் நான். என்னைக் கடன்காரன் என்கிறானா?" அன்று அப்பா மத்தியானம் சாப்பிடவில்லை.

மறுநாள் இருவரும் கிளைக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி. "அங்கிள், சிஸ்டம் ஆட்டோ கட் பண்ணுது" என்றார். உள்ளே போய் அதிகாரியிடம் பேசிவிட்டு வந்து, 100 வெள்ளியைத் தள்ளுபடி செய்கிறோம், மீதி 91.20-ஐக் கட்டிவிட்டால் கணக்கை மூடிவிடலாம் என்று ஒரு பாரத்தை (படிவத்தை) நீட்டினார். அதன் கடைசி வரி, இந்தக் கணக்கு தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்றது. அப்பா பேனாவை எடுத்துவிட்டார். நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். உங்களுக்கும் அப்படி ஒரு பாரம் வரும். அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மூன்று வருஷ ஸ்டேட்மெண்ட் கேட்டோம். பழைய ஸ்டேட்மெண்ட் எடுத்துத் தர தனிக் கட்டணம் என்றார்கள். அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! சரி, கட்டினோம்.

அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, மஞ்சள் பேனாவால் ஒவ்வொரு பிடித்தமாகக் கோடு போட்டேன். மூன்று ரகம் இருந்தது. ஒவ்வொரு செப்டம்பரிலும் ஓடி புதுப்பிப்புக் கட்டணம் 100 வெள்ளி, மூன்று தடவை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சேவைக் கட்டணம் 10 வெள்ளி, ஆறு தடவை. 2020 செப்டம்பரில் இரண்டாவது 100 வெள்ளி விழுந்ததும் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே 50 வெள்ளி இறங்கிவிட்டது. அன்றிலிருந்து மாதா மாதம் வட்டி, எல்லாம் சேர்த்து 11 வெள்ளி 20 காசு. கட்டணம் பிடித்ததால் கடன், கடன் ஆனதால் வட்டி. அவர் ஒரு காசு எடுக்கவில்லை, ஒரு காசோலை எழுதவில்லை.

நடந்தது என்ன என்று பிறகு புரிந்தது. வைப்பை விடுவித்த கையோடு அப்பாவின் கடிதத்தைக் கோப்பில் போட்டுவிட்டார்கள். கணினியில் அந்த வசதியை ரத்து செய்ய யாரோ மறந்துவிட்டார்கள். கணினிக்குத் தெரிந்ததெல்லாம் செப்டம்பர் வந்தால் 100 வெள்ளி என்பதுதான்.

இப்போது கடிதம். கிளைக்கு அல்ல, கோலாலம்பூர் தலைமையகத்தில் இருக்கும் புகார்ப் பிரிவுக்கு. முதலில் நான் எழுதியது இரண்டு பக்கம்: முப்பது வருஷ வாடிக்கையாளர், வயதானவர், மன உளைச்சல் என்று. மறுநாள் காலையில் படித்துப் பார்த்தபோது எனக்கே அழுகாச்சிக் கடிதமாகத் தெரிந்தது. கிழித்துப் போட்டுவிட்டு அரைப் பக்கத்தில் மலாயில் எழுதினேன். இன்ன தேதியில் ஓடி ரத்துக் கடிதம் தரப்பட்டது, சாப்பு அடித்த நகல் இணைப்பில். அதன் பிறகு இன்னின்ன தேதிகளில் இவ்வளவு பிடிக்கப்பட்டிருக்கிறது. எந்த விதியின்படி பிடித்தீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும், விதி இல்லையென்றால் 371 வெள்ளி 20 காசைத் திருப்பி வரவு வைக்கவும். அவ்வளவுதான். சுருக்கமாக எழுதினால் பதில் எழுதுகிறவருக்கு நழுவ இடம் இருக்காது.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. நல்லெண்ண அடிப்படையில் 300 வெள்ளி திருப்பித் தருகிறோம் என்று. தப்பு எங்களுடையது என்று ஒரு வார்த்தை இல்லை. வட்டியைப் பற்றியும் பேச்சில்லை. 11 வெள்ளிதானே, விடுங்கள் என்றேன். அப்பா விடவில்லை. இன்னொரு கடிதம் போட்டோம்: அந்த 300-ஐப் பிடிக்காமல் இருந்திருந்தால் கணக்கில் எப்போதும் 120 வெள்ளிக்குக் குறையாமல் இருந்திருக்கும், கடனே வந்திருக்காது, அப்புறம் எதற்கு வட்டி? இந்தத் தடவை ஒரு வாரத்திலேயே 11.20 வரவு ஆகிவிட்டது.

சேவைக் கட்டணம் 60 வெள்ளி வரவில்லை. வராது என்பது எனக்கு அப்போதே தெரியும். நடப்புக் கணக்கில் சராசரி இருப்பு 1,000 வெள்ளிக்குக் குறைந்தால் அரையாண்டுக்கு 10 வெள்ளி பிடிப்பது இங்கே வங்கிகளின் வழக்கம். கட்டணப் பட்டியலில் இருக்கிறது, கணக்குத் திறக்கும்போது கையெழுத்துப் போட்ட விதியில் இருக்கிறது. 180 வெள்ளி வைத்திருந்தவரிடம் அதைப் பிடித்தது அநியாயமாகத் தோன்றலாம், ஆனால் தவறு அல்ல. அப்பா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

பிரிட்டன் கதையும் கிட்டத்தட்ட இந்த இடத்தில்தான் வந்து முட்டியது. அனுமதி இல்லாமல் ஓவர்டிராஃப்டில் இறங்கினால் ஒவ்வொரு தடவைக்கும் 30 பவுண்ட் போல அங்கே பிடித்தார்கள். 2006, 2007 வாக்கில் ஆயிரக்கணக்கானவர்கள் கடிதம் போட்டார்கள், சிறு வழக்குகள் தொடுத்தார்கள். வழக்குக்குப் போவதைவிடக் கொடுத்துவிடுவது மலிவு என்று வங்கிகளும் பலருக்குக் கொடுத்தன. அப்புறம் நியாய வர்த்தக அலுவலகம் இதை ஒரு சோதனை வழக்காக எடுத்துப் போனது. 2009 நவம்பர் 25-ல் உச்ச நீதிமன்றம் வங்கிகள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தக் கட்டணம் வங்கிச் சேவையின் விலையில் ஒரு பகுதி, விலை அதிகம் என்பதற்காக, வழக்குக்கு அடிப்படையாக எடுத்த நுகர்வோர் விதியின் கீழ் அதை நியாயமா என்று அளக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அங்கே நிலைமை மாறியது வழக்கால் அல்ல. 2020 ஏப்ரலில் நிதித்துறை ஒழுங்குமுறை ஆணையமே நிரந்தரக் கட்டணங்களைத் தடைசெய்து, ஓவர்டிராஃப்டுக்கு ஒரே வருட வட்டி விகிதம்தான் என்று ஆக்கியது. ஆக, நீங்கள் படித்த அந்த மாதிரிக் கடிதங்களை எடுத்து வந்து இங்கே பெயரை மாற்றி அனுப்புவதில் பயனில்லை.

இங்கேயும் "உங்கள் கட்டணம் அதிகம்" என்று போனால் கதவு திறக்காது. பொதுவான விலை நிர்ணயத்தைப் பற்றிய புகாரை, வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான பூசலைத் தீர்க்கும் நடுவரான நிதி ஒம்புட்ஸ்மன்கூட எடுத்துக்கொள்ள மாட்டார். "நீங்கள் சொன்னது ஒன்று, பிடித்தது ஒன்று" என்று போக வேண்டும். உங்கள் ஸ்டேட்மெண்டில் ஒவ்வொரு பிடித்தத்துக்கும் எதிரே கேட்க வேண்டியது: இது கட்டணப் பட்டியலில் இருக்கிறதா? எழுதியிருக்கிற அளவுதானா? நான் ரத்து செய்த பிறகு பிடித்ததா? கட்டணத்தை உயர்த்தியிருந்தால் பேங்க் நெகாரா (மத்திய வங்கி) விதிப்படி 21 நாள் முன்னதாகச் சொன்னார்களா? ஒன்றுக்காவது பதில் உங்கள் பக்கம் இருந்தால் கடிதம் எழுதுங்கள்.

வங்கி மறுத்தால் அடுத்த படி அந்த ஒம்புட்ஸ்மன் அமைப்பு. நாங்கள் கடிதம் போட்ட 2022-ல் அதன் பெயர் ஓ.எஃப்.எஸ். 2025 ஜனவரி 1 முதல் பங்குச் சந்தைப் புகார்களைப் பார்த்த அமைப்போடு இணைந்து எஃப்.எம்.ஓ.எஸ் என்று ஆகிவிட்டது, நிதிச் சந்தைக்கான ஒம்புட்ஸ்மன் சேவை. 250,000 வெள்ளி வரையிலான பூசலைப் பார்ப்பார்கள், நமக்குச் செலவு இல்லை. வங்கியின் இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். 60 நாள் ஆகியும் பதிலே இல்லையென்றாலும் போகலாம். முதலில் சமரசம் பேசிப் பார்ப்பார்கள், ஒத்துவராவிட்டால் ஒம்புட்ஸ்மன் முடிவு சொல்வார். அதை நாம் ஏற்றுக்கொண்டால் வங்கி கட்டுப்பட வேண்டும், ஏற்காவிட்டால் நாம் நீதிமன்றம் போகலாம். எங்கள் இரண்டாவது கடிதத்தின் கடைசி வரியில் இந்த அமைப்பின் பெயரைக் குறிப்பிட்டிருந்தேன். ஒரு வாரத்தில் பதில் வந்ததற்கு அந்த வரிதான் காரணம் என்பது என் சந்தேகம்.

வங்கி இழுத்தடித்தால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 எண்ணில் சொல்லலாம். எழுதத் தயக்கமாக இருந்தால், பினாங்கில் இருப்பவர்களுக்கு ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். 5,000 வெள்ளி வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே சிறு கோரிக்கை தொடுக்கவும் வழி உண்டு. ஒப்பந்தம் சம்பந்தப்பட்ட கோரிக்கைக்குப் பொதுவாக ஆறு வருஷம்தான் கெடு, அதற்கும் பழையதைக் கிளறிப் பயனில்லை.

நீங்கள் 'ஏதேதோ பெயரில்' என்று எழுதியிருப்பதால் கடன் அட்டையையும் ஒரு தடவை பாருங்கள். தாமதக் கட்டணம் நிலுவையில் 1 சதவீதம், குறைந்தது 10 வெள்ளி, அதிகபட்சம் 100 வெள்ளி. அதற்கு மேல் இருந்தால் உடனே கேளுங்கள். முதல் தடவை ஒரு நாள் தவறியதற்கு என்றால் போனிலேயே பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் விட்டுக்கொடுப்பார்கள். வருஷத்துக்கு 25 வெள்ளி சேவை வரி அரசாங்கத்துக்குப் போவது, அதற்கு வங்கியோடு சண்டை போட்டு லாபம் இல்லை. அட்டை ஸ்டேட்மெண்டில் நான் முதலில் தேடுவது காப்புறுதி (இன்சூரன்ஸ்) தவணையைத்தான். என்றோ மத்தியான வேளையில் வந்த போனில் என்ன ஏதென்று புரியாமல் "யெஸ், யெஸ்" என்று சொல்லி வைத்திருப்போம், மாதா மாதம் போய்க்கொண்டிருக்கும். அந்தப் பேச்சின் ஒலிப்பதிவை எழுத்தில் கேளுங்கள். என் சித்திக்கு ஒலிப்பதிவு வரவில்லை, எட்டு மாதத் தவணை வந்தது.

பயன்படுத்தாத கணக்கு இருந்தால் இன்றே மூடிவிடுங்கள். 12 மாதம் தொடாவிட்டால் செயலற்ற கணக்காகி வருஷத்துக்கு 10 வெள்ளி கரையும். ஏழு வருஷம் ஆகிவிட்டால் மிச்சம் கோரப்படாத பணமாக அரசாங்கத்திடம் போய்விடும். போனாலும் அழியாது, கணக்காளர் துறையின் ஈ-குமிஸ் தளத்தில் அடையாள அட்டை எண்ணைப் போட்டுத் தேடலாம்.

அப்பா தன் 120 வெள்ளியைக் கவுண்டரில் வாங்கி இரண்டு தடவை எண்ணினார். கணக்கை மூடியதற்கு எழுத்தில் தாருங்கள் என்றார். அந்தப் பெண் அச்சடித்துக் கொடுத்த தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாப்பு?" என்று கேட்டார்.