மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸின் பழைய இடங்களை அதிகம் செலவழிக்காமல் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

முடியும். ஜூலையில் நான்கு பேராக வருகிறீர்கள், ஹோட்டலில் சொன்ன கார் வாடகையைக் கேட்டு மலைத்துப்போனீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தக் காரை மறந்துவிடுங்கள். நான் காரைக்காலில் பிறந்து, ரோஸ்ஹில்லில் வாழ்க்கைப்பட்டுப் பதினான்கு வருடமாகிறது. ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கெல்லாம் போர்ட் லூயிஸைக் காட்டும் வேலை எனக்குத்தான். முதல் தடவை அண்ணன் குடும்பம் வந்தபோது துறைமுகத்திலிருந்து கோட்டைக்கு டாக்சி பிடித்தேன். நடந்தால் அரை மணி ஆகாத தூரம். ஊரையே ஒரு வலம் வந்து இறக்கிவிட்டு அந்த ஓட்டுநர் கேட்ட தொகையில் நாங்கள் நால்வரும் இரண்டு வேளை சாப்பிட்டிருக்கலாம். அண்ணி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

பணம் மாற்றியதும் நூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன், இந்நாட்டு அரசியலில் பெயர் பெற்ற தமிழர். தாளில் ஆங்கிலம், அதன் கீழ் தமிழ், அப்புறம் இந்தி. 1998இல் வந்த புதிய தாள்களில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். தமிழர்கள் கிளர்ந்தெழ, அந்தத் தாள்களைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

தங்குவதற்கு ரோஸ்ஹில், கத்ர்போர்ன் பக்கம் பாருங்கள். அங்கிருந்து மெட்ரோ நேராகத் தலைநகருக்கு வருகிறது. ஜூலை இங்கே குளிர்காலம். மேட்டு ஊர்களில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏறுவீர்கள், போர்ட் லூயிஸில் இறங்கியதும் கழற்றுவீர்கள். வார நாளாகப் பார்த்து வாருங்கள். சனிக்கிழமை பாதி நாள்தான், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் பூட்டைத்தான் பார்க்கலாம்.

காலையில் முதலில் ஆப்ரவாசி காட். கட்டணம் கிடையாது. 1834 நவம்பர் 2ஆம் தேதி அட்லஸ் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 ஒப்பந்தக் கூலிகளோடு இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. அடுத்த எண்பது தொண்ணூறு ஆண்டுகளில் வந்தவர்கள் ஏறக்குறைய நாலரை லட்சம் பேர். 1849 முதல் அவர்களை இறக்கிப் பதிவு செய்தது இங்கேதான். 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பெயரைக் கேட்டுப் பெரிய அரண்மனையை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாறுவார்கள். நெடுஞ்சாலை போட இடித்தது போக மிஞ்சியவை சில கருங்கல் சுவர்கள், ஒரு சமையல்கட்டு, கடலிலிருந்து ஏறிவந்த படிகள். அவ்வளவுதான். அந்தப் படிகளின் பக்கத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.

என் மாமியாருக்குத் தமிழ் பேச வராது, வீட்டில் இந்நாட்டுப் பேச்சுமொழியான கிரியோல்தான். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்றப் பதிவேடுகள் இருக்கின்றன. அங்கே மனுப் போட்டுத் தன் கொள்ளுத்தாத்தாவின் பதிவை எடுத்துவந்தார். ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், கப்பல் பெயர். இடது புருவத்தின் மேல் தழும்பு என்று ஒரு குறிப்பு. மாமியார் அந்தத் தாளைப் பூஜை அறையில் வைத்திருக்கிறார். ஆப்ரவாசி காட்டுக்கு வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்தப் படிகளைத் தொடுவார்.

ஆனால் தமிழர் வருகை ஒப்பந்தக் காலத்துக்கும் முந்தியது. ப்ளாஸ் தார்ம் என்கிற ஆயுத மைதானத்தில், துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் சிலை மாஹே டி லா பூர்தொனே, 1735 முதல் பிரெஞ்சு ஆளுநர். அவர் காலத்தில் புதுச்சேரிப் பக்கத்துக் கொத்தனார்களும் தச்சர்களும் வந்து இந்த ஊரைக் கட்ட உழைத்தார்கள். சிலை என்னவோ அவருக்குத்தான்.

காசு கொடுத்துப் பார்க்க ஒரே ஒரு இடம் சொல்வேன்: ப்ளூ பென்னி அருங்காட்சியகம். 1847இல் அச்சான, உலகில் மிக அரிதான ஒரு பென்னி, இரண்டு பென்னி அஞ்சல்தலைகள் அங்கே இருக்கின்றன. வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்பதால் அசலுக்கு மணிக்கு ஒருமுறை சுமார் பத்து நிமிடம்தான் விளக்குப் போடுவார்கள், மற்ற நேரம் நகல்தான். டிக்கெட் வாங்கும்போதே அடுத்த வெளிச்சம் எப்போது என்று கேளுங்கள். அண்ணன் கேட்காமல் உள்ளே போய் நகலைப் பார்த்துவிட்டு வந்தார்.

மதியம் மத்தியச் சந்தை. தோல் பூரி என்றதும் மிரள வேண்டாம், இங்கே தோல் என்றால் பருப்பு. கடலைப்பருப்பை அரைத்து உள்ளே வைத்த மெல்லிய பூரி, ஜோடியாகத்தான் விற்பார்கள். கிரியோலில் ஒரு ஜோடிக்கு “என் பேர்”. கடைக்காரரிடம் இரண்டு விரலைக் காட்டி “என் பேர்” என்று சொல்லிவிட்டு, அவர் பெயரைக் கேட்கப்போகிறார் என்று காத்திருந்தாள் என் அண்ணன் மகள். பூரிதான் வந்தது. கூடவே காத்தோ பிமான் வாங்குங்கள். நம் பருப்பு வடையேதான், எலுமிச்சை அளவில். சப்ஜா விதை போட்ட பால் பானமான அலுதா ஒரு டம்ளர் குடித்தால் மாலைவரை தாங்கும்.

சந்தைக்குப் பக்கத்தில் ரோயல் தெருவில் ஜும்மா மசூதி. தொழுகை இல்லாத நேரம் பார்த்து, தோளும் முழங்காலும் மூடிய உடையில் போங்கள். முற்றத்து வாதுமை மரம் எனக்கு மிகவும் பிடித்தது. சைனாடவுன் அடுத்த நடை.

வெயில் சாய்ந்ததும் சிட்டாடல் என்கிற அடிலெய்டு கோட்டை. 1834இல் தொடங்கி 1840இல் முடித்தார்கள். கோட்டைக்குள் பெரிதாக ஒன்றுமில்லை, மேலிருந்து தெரியும் காட்சிக்காகவே ஏற வேண்டும். ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் 1812 முதல் குதிரை ஓடும் ஷாம் தெ மார்ஸ் மைதானம். பந்தய நாளானால் டிக்கெட் இல்லாமல் பார்ப்பவர்கள் சுவரோரம் வரிசையாக நிற்பார்கள். இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.

கால் தாங்கினால் இமிகிரேஷன் சதுக்கத்தில் பஸ் ஏறி, கைலாசம் என்று எல்லோரும் சொல்லும் சொக்கலிங்கம் மீனாட்சியம்மன் கோவிலுக்குப் போய்வாருங்கள், மாலை நடை திறந்திருக்கும். ஆனால் இருட்டும் முன் மெட்ரோவைப் பிடித்துவிடுங்கள். அலுவலகம் விட்டதும் இந்த நகரம் காலியாகிவிடும், காப்பி குடிக்கக்கூடக் கடை தேட வேண்டும்.