தலைவலி என்று சொல்லிவிடுவேன்

கேள்வி: எனக்கு 39 வயது. கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோயால் ஒன்பது ஆண்டுகளாக அடிவயிற்று வலி. சிறு துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை இரண்டு முறை செய்தாகிவிட்டது. ஹார்மோன் மாத்திரையும் சாப்பிடுகிறேன். விலக்கு நாட்களில் மட்டும் வந்த வலி இப்போது மற்ற நாட்களிலும் வருகிறது. கடைசி ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை. என் மருத்துவர் உளவியலாளரைப் பார்க்கச் சொல்கிறார். எல்லாம் மனப்பிரமை என்கிறாரா? நான் இதுவரை யாருக்கும் தொந்தரவு தந்ததில்லை. 12 வயது மகள் கேட்டால்கூடத் தலைவலி என்று சொல்லிவிடுவேன். உளவியலாளரிடம் போகத்தான் வேண்டுமா?

பதில்: மனப்பிரமையா என்று கேட்டு எனக்கு வந்த கடிதங்களுக்குக் கணக்கில்லை. அதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்: இல்லை. ஆண்டுக்கணக்கில் வலியைச் சுமந்த நரம்பு மண்டலம், லேசாகத் தொட்டாலே அலறப் பழகிவிடும். இந்த நோயில் ஸ்கேனில் தெரிவதற்கும் படும் வலிக்கும் கணக்கு ஒத்துப்போகாததற்கு அதுவும் ஒரு காரணம். தண்டுவடத்தில் வலிக்கு ஒரு கதவு உண்டு, மூளையிலிருந்து இறங்கும் செய்திகள் அதைத் திறக்கவும் செய்யும் சாத்தவும் செய்யும் என்று மெல்சாக், வால் என்ற வலி ஆய்வாளர்கள் இருவரும் 1965-லேயே எழுதிவிட்டார்கள். பயம் அந்தக் கதவை அகலத் திறக்கும். உளவியலாளருக்கு அங்கேதான் வேலை.

ஒன்பது ஆண்டு வேதனையைப் படித்துக்கொண்டே வந்த என் கண், தலைவலி என்ற சொல்லில் நின்றுவிட்டது. போகிற போக்கில், கொஞ்சம் பெருமையாகவே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனதில் அதற்குப் பெயர் தியாகம். நான் பொய் என்பேன். அதையும் யாரிடம் சொல்கிறீர்கள்? தாய்க்கு இந்த நோய் இருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட அதிகம். நாளை அவள் வகுப்பறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருளும்போது, ஆசிரியை கேட்டால் என்ன சொல்வாள்? தலைவலி என்பாள். வேறென்ன கற்றுக்கொடுத்தீர்கள்? இந்த நோய்க்குப் பெயர் தெரியவே பலருக்கு ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. மருத்துவர்களை ஆயிரம் குறை சொல்லலாம், நானும் சொல்வேன். வாயை மூடிக்கொள்ளப் பழக்கிய அம்மாக்களுக்கும் அதில் பங்குண்டு.

ஒளிப்பது உங்கள் உடம்பையும் சும்மா விடவில்லை. முகத்தில் காட்டாதிருக்கப் பல்லைக் கடிக்கும்போது அடிவயிறும் இடுப்புத்தளத் தசைகளும் சேர்ந்தே இறுகுகின்றன. இறுகிய தசை தன் பங்குக்கு வலிக்கிறது. வலி இல்லாத நாளில் மூன்று நாள் வேலையை இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு மறுநாள் விழுகிறவர் நீங்கள் என்றும் ஊகிக்கிறேன். நீங்கள் எழுதவில்லைதான். ஆனால் ஒளிக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

உளவியலாளர் இதில்தான் கைவைப்பார். நல்ல நாளிலும் அளவோடு, மோசமான நாளிலும் கொஞ்சமாவது என்று வேலையைக் கடிகாரம் பார்த்துப் பிரிக்கச் சொல்வார். வலி தொடங்கியதும் "இந்த மாதமும் போச்சு, இனி எனக்கு விடிவே இல்லை" என்று மனம் ஓடுகிறதே, அதை எழுதிப் பார்க்க வைப்பார். மூச்சை அடிவயிறு வரை இறக்கித் தசையைத் தளர்த்தப் பழக்குவார். இரண்டு முறை போய்விட்டுப் பலனில்லை என்று எனக்கு எழுதாதீர்கள். வாரம் ஒருமுறை என்று இரண்டு மூன்று மாதமாவது போக வேண்டும். அப்போதும் வலி அடியோடு போகாமல் இருக்கலாம். அது உங்கள் நாளை முழுதாக விழுங்குவது குறையும். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

யாருக்கும் தொந்தரவு தந்ததில்லையாம்! படுத்துக் கிடக்கிற அம்மாவுக்கு ஒரு வாய் வெந்நீர் கொண்டுவருவது 12 வயதுப் பெண்ணுக்குத் தொந்தரவா? அது அவள் கடமை, அவளுடைய உரிமையும்கூட. கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. இருக்கிறார் என்றால், ஒருநாள் அவரையும் உளவியலாளரிடம் கூட்டிப்போங்கள்.

இந்த வாரமே தேதி வாங்குங்கள். கிளம்பும்போது மகள், எங்கே போகிறாய் என்று கேட்பாள். தலைவலி டாக்டரிடம் என்று சொல்லிவிடாதீர்கள்.