அமெரிக்க ரியல் எஸ்டேட் சங்கங்கள் வாஷிங்டனில் அப்படி என்னதான் கேட்கின்றன?

புதிதாகக் கேட்பதைவிட, இருக்கும் வரிச்சலுகையில் யாரும் கைவைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. வரிச் சட்டத்தின் 1031-ஆம் பிரிவையே எடுத்துக்கொள்ளுங்கள்: வாடகைக்கு விட்ட கட்டடத்தை விற்று, 180 நாளுக்குள் அதே மாதிரி இன்னொன்றை வாங்கினால் லாபத்துக்கு வரி தள்ளிப்போகும், அதை விற்று மறுபடி வாங்கினால் மறுபடியும் தள்ளிப்போகும், ஆள் இறந்துவிட்டால் வாரிசுக்குப் பழைய லாபக் கணக்கே அழிந்துவிடும். (நல்ல ஏற்பாடு!)

2017-இல் இயந்திரம், வாகனத்துக்கெல்லாம் இதை நீக்கினார்கள், நிலமும் கட்டடமும் மட்டும் தப்பின. 2021-இல் அதிபர் பைடன், இப்படி வரி தள்ளிப்போகும் லாபத்துக்கு 5 லட்சம் டாலர் வரம்பு வைக்கப் பார்த்தார், சங்கங்கள் எதிர்த்தன, நிறைவேறவில்லை.

எப்போதும் ஜெயிப்பார்கள் என்றில்லை. வீட்டுக்கடனுக்குக் கட்டும் வட்டியை வருமானத்தில் கழித்துக்கொண்டு வரி கட்டலாம்; அதே 2017-இல் அந்தச் சலுகைக்கான கடன் உச்சவரம்பு 10 லட்சத்திலிருந்து 7.5 லட்சம் டாலராகக் குறைந்தது. வீடு, மனைத் தரகர்களின் அமைப்பான தேசிய ரியல்டர்கள் சங்கம் 2022-இல் இப்படி அரசை வலியுறுத்தும் வேலைக்கெல்லாம் செலவழித்தது 8 கோடி டாலருக்கு மேல்.